கடலா, ஆறா, ஏரியா? டச்சுத் தண்ணீரில் ஐந்து நாள்

போன ஜூலையில் மகள் வீட்டுக்கு நெதர்லாந்து போயிருந்தபோது ஐந்து நாள் பாய்மரப் படகில் சுற்றினோம். திரும்பி வந்து காலை நடையின்போது இதைச் சொன்னதும் பி பிளாக் நண்பர் கேட்ட முதல் கேள்வி: "கடல்ல போனீங்களா சார், ஆத்துலயா?" எளிய கேள்விதான். ஆனால் பதில் சொல்ல எட்டு நூற்றாண்டு பின்னால் போக வேண்டியிருக்கிறது. நடைப்பாதையில் இரண்டு சுற்றுக்குள் அதைச் சொல்லி முடிக்க முடியாது. ஆகவே இந்த இதழில் எழுதுகிறேன்.

முதல் நாள் நாங்கள் கடந்த ஐசல்மேர் என்ற பெரிய ஏரி, 1932 மே 28 மதியம் வரை கடல். மூன்றாம் நாள் போன மார்க்கர்மேர், வயலாகியிருக்க வேண்டிய ஏரி. திட்டம் கைவிடப்பட்டதால் இன்னும் தண்ணீராக இருக்கிறது. கடைசி நாள் ஆம்ஸ்டர்டாமுக்குள் நுழைந்த கால்வாய்களோ மனிதர்கள் மண்வெட்டியால் வெட்டியவை. இயற்கை விட்டபடியே இருக்கிற தண்ணீர் என்று அந்த வழியில் அநேகமாக ஒன்றுமே இல்லை.

படகு மாப்பிள்ளையின் நண்பருடையது. சுக்கான் பிடித்தவரும் அவரே. பதினைந்து மீட்டர் நீளத்துக்குள், மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகத்துக்குள் இருக்கும் படகுக்கு அந்த நாட்டில் உரிமம் எதுவும் தேவையில்லை. அதனால் விடுமுறை நாளில் தண்ணீரில் கூட்டம் நம் ஊர்ச் சாலை மாதிரி இருக்கிறது. தாத்தா பாட்டி, கைக்குழந்தையோடு இளம் தம்பதி, நாயோடு தனியாக ஒருவர் என்று எல்லாரும் படகில்தான்.

இவர்களையெல்லாம் நாங்கள் சந்தித்தது படகு ஓடும்போது அல்ல, நிற்கும்போது. டச்சு நீர்வழியில் கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை ஒரு பாலமோ லாக்கோ வழிமறிக்கும். லாக் என்பது இரண்டு முனையிலும் கதவு வைத்த பெரிய தொட்டி. படகுகள் உள்ளே வந்ததும் பின்கதவை மூடி, தண்ணீரை ஏற்றியோ இறக்கியோ அடுத்த பக்கத்து மட்டத்துக்குக் கொண்டுவந்து முன்கதவைத் திறப்பார்கள். படகுகளுக்கான லிஃப்ட் என்று வைத்துக்கொள்ளலாம். நம் பக்கிங்காம் கால்வாயிலும் ஒரு காலத்தில் லாக்குகள் உண்டு. லிஃப்டில் நாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் மாடி எண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்போம். அங்கே அது நடக்காது. அடுத்த படகுக்காரர் எறியும் கயிற்றைப் பிடித்துக் கட்டாவிட்டால் அவர் படகு உங்கள் படகில்தான் மோதும்.

இரவில் துறையில் இடம் போதாதபோது ஒரு படகின் பக்கத்தில் இன்னொன்றைக் கட்டி, அதன் பக்கத்தில் மூன்றாவதைக் கட்டுகிறார்கள். மூன்றாவது படகுக்காரர் கரைக்குப் போக வேண்டுமானால் மற்ற இரண்டின் மேலேதான் நடந்து போக வேண்டும். அதற்கும் முறை இருக்கிறது: பாய்மரத்துக்கு முன்பக்கமாகத்தான் நடக்க வேண்டும். பின்பக்கம் அவர்கள் உட்கார்ந்து சாப்பிடும் இடம். அங்கே கண்ணைக்கூடத் திருப்பக் கூடாது. பொதுப்பணித் துறையில் முப்பது வருஷம் மதகும் கரையுமாகக் கழித்தவன் என்பதால் லாக்கின் இயந்திரம் எனக்கு வியப்பாக இல்லை. இந்த வழக்கங்கள்தான் வியப்பாக இருந்தன. எங்கிருந்து வந்தன என்று தேடிப் படித்ததில் கிடைத்ததே இந்தக் கட்டுரை.

அந்த நாட்டின் மேற்குப் பகுதி முன்பு பீட் எனப்படும் மக்கிய சதுப்பு நிலம். இடைக்காலத்தில் விவசாயிகள் வாய்க்கால் வெட்டி நீரை வடித்து அதை வயலாக்கினார்கள். வடித்த சதுப்பு காய்ந்து சுருங்கி அமிழும். நிலம் அமிழ அமிழத் தண்ணீர் மேலே நிற்கும். கரை எழுப்பினார்கள்; ஆற்றின் குறுக்கே அணை கட்டினார்கள்; பிறகு காற்றாலை வைத்து இறைத்தார்கள். இன்று நாட்டின் நிலத்தில் கால் பங்குக்கு மேல் கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. ஆம்ஸ்டர்டாம் என்றாலே ஆம்ஸ்டல் ஆற்று அணை என்றுதான் பொருள். ராட்டர்டாமும் அதே வகைப் பெயர்தான்.

கரையை ஒருவர் தனியாகக் காக்க முடியாது. என் வயலோரம் பலமாக இருந்து உங்கள் வயலோரம் உடைந்தால் இரண்டு பேருமே மூழ்குவோம். அப்படிப் பிறந்தவைதான் நீர் வாரியங்கள். லைடன் பகுதியின் ரைன்லண்ட் வாரியத்துக்கு 1255இலேயே பிரபுவின் சாசனம் இருக்கிறது. அது இன்றும் இயங்குகிறது. யாருக்கு எவ்வளவு நிலமோ அந்த அளவுக்குக் கரையில் அவருக்குப் பொறுப்பு. தன் பங்கைப் பராமரிக்க முடியாதவர் தன் மண்வெட்டியைக் கரையில் குத்தி வைத்துவிட்டு வெளியேற வேண்டும். அதைப் பிடுங்கி எடுப்பவருக்கு நிலமும் போகும், கடனும் போகும் என்பது பழைய வழக்கம். கரை கட்டாதவன் விலகிப் போ என்று ஒரு பழமொழியே வைத்திருந்தார்கள். நம் பொதுக்குழுக் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டலாமா என்று பொருளாளரிடம் கேட்டேன். சிரித்தார், வேண்டாம் என்று சொல்லவில்லை.

அணை கட்டினால் வயலுக்கு நல்லது, படகுக்குக் கெடுதல். போக்குவரத்து முழுதும் தண்ணீரில் நடந்த நாட்டில் இது சிறிய தகராறு அல்ல. சில இடங்களில் படகைச் சாய்வுத் தளத்தின் மேல் இழுத்து அடுத்த பக்கம் இறக்கினார்கள். ஆம்ஸ்டர்டாமில் ஓவர்டோம் என்று ஒரு பெரிய தெரு இருக்கிறது. இப்படிப் படகு இழுத்த இடத்தின் பெயர்தான் அது. லாக் கட்டிய இடத்தில் சுங்கம் வசூலித்தார்கள். ஆம்ஸ்டர்டாம் என்ற ஊர் ஏட்டில் முதன்முதலாக வருவதே சுங்க விஷயத்தில்தான். 1275 அக்டோபர் 27இல் பிரபு ஐந்தாம் ஃப்ளோரிஸ், ஆம்ஸ்டல் அணையருகே வசிக்கும் மக்களுக்கு ஹாலந்துக்குள் சுங்க விலக்கு கொடுத்தார். பின்னாளில் உலக வணிகத்தையே ஆட்டிவைத்த நகரத்தின் பிறப்புச் சான்றிதழ், படகுக்காரர்களுக்குக் கிடைத்த ஒரு கட்டணச் சலுகை.

சுங்கத்தின் மிச்சம் இன்னும் இருக்கிறது. வடக்கே சில ஊர்களில் பாலம் திறந்ததும் பாலக்காரர் ஒரு தூண்டில் கோலில் மரச்செருப்பைக் கட்டித் தொங்கவிடுவார். படகை நிறுத்தாமலே அதற்குள் காசு போட்டுவிட்டுப் போக வேண்டும். என் பேரன் இதற்காகவே சில்லறை சேர்த்து வைத்திருந்தான்.

பயணிகள் படகின் கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. 1630களின் தொடக்கத்தில் ஆம்ஸ்டர்டாமுக்கும் ஹார்லெமுக்கும் இடையில் நேர்க்கோடாக ஒரு கால்வாய் வெட்டினார்கள். கால்வாயோரம் ஒரு பாதை. அதில் ஒரு குதிரை. குதிரைக்குப் பின்னால் நீண்ட கயிறு. கயிற்றின் நுனியில் பயணிகள் படகு. ட்ரெக்ஸ்காய்ட், அதாவது இழுவைப் படகு என்று பெயர். மணிக்கு ஏழு கிலோமீட்டர்தான் வேகம். ஆனால் காற்றுக்குக் காத்திருக்க வேண்டாம், குறித்த நேரத்துக்குக் கிளம்பும், கட்டணமும் நிர்ணயம் செய்யப்பட்டது. பாய்மரப் படகில் காற்று அடிக்கும்போதுதான் கிளம்ப முடியும் என்றிருந்த உலகத்தில், மணி அடித்தால் படகு கிளம்பும் என்பது பெரிய புதுமை. நகரங்கள் போட்டி போட்டுக் கடன் வாங்கிக் கால்வாய் வெட்டின. 1665க்குள் 600 கிலோமீட்டருக்கும் மேல் இப்படிப்பட்ட வழிகள் அமைந்துவிட்டன.

ஆம்ஸ்டர்டாம், ஹார்லெம் வழியில் பாதி தூரத்தில் ஒரு அணை குறுக்கிட்டது. பயணிகள் அங்கே இறங்கி, மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்து, அடுத்த பக்கம் நிற்கும் படகில் ஏற வேண்டும். அந்த ஊரின் பெயரே ஹாஃப்வெக், 'பாதி வழி'. பின்பக்கம் தனி அறை உண்டு, வசதியானவர்களுக்கு. மற்றவர்கள் பெஞ்சுகளில் நெருங்கி உட்கார வேண்டியதுதான். வணிகர், மதகுரு, வேலைக்காரப் பெண், மாலுமி, வெளிநாட்டு மாணவர் எல்லாரும் ஒரே புகையிலைப் புகைக்குள் இரண்டு மணி நேரம். குலுக்கல் இல்லை, சத்தம் இல்லை, செய்வதற்கு வேலையும் இல்லை. பேசாமல் என்ன செய்வார்கள்? வரி, போர், ஆட்சியாளர், வேதாந்தம் என்று எல்லாம் அலசினார்கள். இதிலிருந்து ஒரு எழுத்து வகையே பிறந்தது. படகில் சந்தித்த பல ஊர்க்காரர்கள் அரசியல் விவாதிப்பதாக உரையாடல் வடிவில் துண்டுநூல்கள் அச்சிட்டார்கள். படகுப் பேச்சு என்றே அவற்றுக்குப் பெயர். எழுதியவர் பெயரைப் போடாமல் ஆட்சியைக் கண்டிக்க வசதியான வழி. அதைச் சொன்னது நான் அல்ல, படகில் யாரோ ஒரு பயணி!

இந்த அமைதியான படகில் பேசியவர்களுக்கு நம் கரையிலும் வேலை இருந்தது. அதே தலைமுறையில்தான், 1658இல், டச்சுக் கம்பெனி போர்த்துக்கீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தையும் யாழ்ப்பாணத்தையும் பிடித்தது. பழவேற்காட்டில் அதற்கு முன்பே கோட்டை கட்டியிருந்தார்கள். இலங்கையின் மேற்குக் கரையில் கொழும்பு, நீர்கொழும்பு பக்கம் அவர்கள் கால்வாய் வெட்டியதில் ஆச்சரியமில்லை, ஊர்ப் பழக்கம். இலங்கைத் தமிழர் அலுவலகத்தைக் கந்தோர் என்பது 'கான்டோர்' என்ற டச்சுச் சொல்தான். அந்தக் கால்வாய்க் கரைகளில் வரிசையாக நிற்கும் அழகான மாளிகைகளைப் பார்க்கும்போது, கம்பெனிக் கப்பல்கள் நம் பக்கத்திலிருந்து ஏற்றிப்போன துணியும் அடிமைகளும் நினைவுக்கு வராமல் இல்லை.

இழுவைப் படகின் முடிவு சட்டென்று வந்தது. 1839 செப்டம்பர் 20இல் நாட்டின் முதல் ரயில் ஓடியது. எங்கே? அதே ஆம்ஸ்டர்டாம், ஹார்லெம் இடையே, பெரும்பாலும் அதே கால்வாயை ஒட்டி. எஞ்சினின் பெயர் 'கழுகு'. பக்கத்தில் குதிரை இழுக்கும் படகைக் கழுகு தாண்டிப் போயிருக்கும் காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். பிறகு சில பத்தாண்டுகளில் பயணிகள் படகு அநேகமாக மறைந்துவிட்டது.

சரக்குப் படகு இன்னும் நூறு வருஷம் தாக்குப்பிடித்தது. என்க்ஹாய்சன் துறையில் எங்கள் பக்கத்தில் கட்டியிருந்தது அப்படிப்பட்ட ஒன்று: தட்டையான அடி, வட்டமான மூக்கு, இரண்டு பக்கமும் யானைக்காது மாதிரி பெரிய பலகை. ஆழமில்லாத தண்ணீரில் போக அடி தட்டையாக இருக்க வேண்டும். தட்டையான படகைக் காற்று பக்கவாட்டில் தள்ளிவிடும். அதைத் தடுக்கத்தான் அந்தப் பலகையை இறக்குகிறார்கள். படகின் சொந்தக்காரர்கள் ஓய்வுபெற்ற ஒரு தம்பதி. காபி கொடுத்து உள்ளே கூப்பிட்டார்கள். அந்த அம்மாளின் தாத்தா பாட்டி இதே மாதிரிப் படகில் உருளைக்கிழங்கும் பீட்டும் ஏற்றிப் பிழைத்தவர்களாம். குடும்பம் முழுதும் பின்பக்கத்தில் ஒரே சிற்றறையில். நம் ஃபிளாட்டின் சமையலறையைவிடச் சின்னது. காற்று நின்றுவிட்டால் பாட்டியும் பிள்ளைகளும் கரையில் இறங்கி, தோளில் பட்டை மாட்டிப் படகை இழுத்துக்கொண்டு நடப்பார்கள். குதிரைக்குக் காசு கொடுக்க முடியாத குடும்பங்களில் இது சாதாரணம். "என் பாட்டிக்குப் படகுப் பயணம் என்றாலே பிடிக்காது. நான் காசு கொடுத்து இதைச் செய்கிறேன் என்றால் நம்பியிருக்க மாட்டாள்" என்றார் அந்த அம்மாள்.

எஞ்சினும் லாரியும் வந்தபின், இரண்டாம் உலகப் போருக்கு அடுத்த வருஷங்களில், பாய்மரச் சரக்குப் படகுகள் தொழிலை இழந்தன. பல, பழைய இரும்பு விலைக்குப் போயின. பல, மிதக்கும் வீடுகளாயின. மீதியை ஆர்வலர்கள் வாங்கி மரமும் பாயும் மாட்டினார்கள். ஃப்ரீஸ்லாந்து மாநிலத்தில் ஒவ்வொரு கோடையிலும் இந்தப் படகுகளுக்குப் பந்தயம் நடக்கிறது. ஸ்குட்ஸ்யே எனப்படும் 14 பழைய படகுகள் இரண்டு வாரம் ஊர் ஊராக ஓடும். போட்டியின் முக்கியப் பிரிவில் சுக்கான் பிடிப்பவர் பழைய படகுக்காரக் குடும்பத்தின் வாரிசாக இருக்க வேண்டும் என்பது விதி. பணம் இருந்தால் படகை வாங்கலாம். அந்தப் பெயரை வாங்க முடியாது. கடுமையான விதிதான். ஆனால் தோளில் பட்டை மாட்டி இழுத்த பாட்டியை நினைத்தால் நியாயம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இனி நண்பரின் கேள்விக்கு நேரான பதில். அந்த ஏரி முன்பு ஸாய்டர்ஸே, தெற்குக் கடல். வடகடலின் ஒரு கை நாட்டின் நடுவரை நீண்டிருந்தது. புயலில் அந்தக் கை அடித்துவிடும். அதன் நடுவே இருந்த ஸ்கோக்லண்ட் தீவு மெல்லக் கரைந்துகொண்டே போனதால் 1859இல் அரசே மக்களை வெளியேற்றியது. 1916 ஜனவரியில் பெருவெள்ளம் வந்து பல இடங்களில் கரை உடைந்தது. பொறியாளர் கொர்னேலிஸ் லேலி வெகுகாலமாக ஒரு வரைபடம் வைத்திருந்தார்: கடலின் வாயை அணையால் மூடு, உள்ளே ஒரு பகுதியை வடித்து வயலாக்கு. 1918இல் சட்டம் நிறைவேறியது. அப்போது அவரே அமைச்சர். 32 கிலோமீட்டர் நீள அணையின் கடைசி இடைவெளி 1932 மே 28 பிற்பகல் ஒரு மணி இரண்டு நிமிடத்துக்கு மூடப்பட்டது. லேலி அதைப் பார்க்கவில்லை, 1929இலேயே காலமாகிவிட்டார்.

ஒரு பொறியாளனாக இதைப் படிக்கும்போது கைதட்டத் தோன்றுகிறது. ஆனால் உள்ளே இருந்த மீனவ ஊர்களுக்கு அது வேறு நாள். உப்புத்தண்ணீர் சில வருஷத்தில் நன்னீராயிற்று. ஹெர்ரிங் போயிற்று, நெத்திலி போயிற்று. விலாங்கு மீன்தான் பெரும்பாலும் மிஞ்சியது. மீனவர்களுக்கு உதவ 1925லேயே சட்டம் போட்டிருந்தார்கள். ஆனால் ஒரு தொழிலோடு ஊரும் உறவும் பின்னியிருப்பதைப் படிவத்தில் எப்படி நிரப்புவது? உர்க் என்ற தீவு 1939இல் கரையோடு இணைக்கப்பட்டுத் தீவாக இல்லாமல் போனது. அந்த ஊர்க்காரர்கள் விடவில்லை. வடகடலுக்குப் போய் மீன் பிடிக்கத் தொடங்கினார்கள், இன்றும் பிடிக்கிறார்கள். காலியான ஸ்கோக்லண்ட் இப்போது வயல்களுக்கு நடுவே ஒரு மேடாக நிற்கிறது. புதிய வயல்களை உழுதபோது 400க்கும் மேற்பட்ட பழைய கப்பல்களின் சிதைவுகள் கிடைத்தன.

மார்க்கர்மேரையும் வடித்துவிடத் திட்டம் இருந்தது. 1970களில் அதற்கான நடு அணையும் முடிந்தது. அதற்குள் காலம் மாறிவிட்டது. இன்னும் வயல் எதற்கு, பறவைகளுக்கும் படகுகளுக்கும் இருக்கட்டும் என்று எதிர்ப்பு வளர்ந்து திட்டம் தள்ளிப்போய், கடைசியில் கைவிடப்பட்டது. நடு அணையின் என்க்ஹாய்சன் முனையில் 2003இல் திறந்த லாக்கில் படகுகள் மேலே நிற்க, கார்கள் கீழே சுரங்கத்தில் போகின்றன. படகுக்காகச் சாலை குனிகிறது. ஆம்ஸ்டர்டாமில் மட்டும் நிலைமை தலைகீழ்: உயர்ந்த பாய்மரத்தோடு நகரைக் கடக்க வேண்டுமானால் ரயில் ஓய்ந்த நள்ளிரவுக்குப் பிறகுதான் ரயில் பாலம் திறக்கும். படகுகள் வரிசையாகச் சேர்ந்து, ஒவ்வொரு பாலமாகத் திறக்கத் திறக்க, தூங்கும் நகரத்தின் வழியே மெதுவாகப் போகும். நாங்கள் போன இரவில் பதினோரு படகுகள். தெர்மாஸ்கள் படகு விட்டுப் படகு கைமாறின.

தண்ணீர் எப்போதும் இப்படி நட்பாக இருப்பதில்லை. 1953 ஜனவரி 31 இரவு புயலில் தென்மேற்கே கரைகள் உடைந்து 1,836 பேர் இறந்தார்கள். அன்று விடியற்காலை, ராட்டர்டாமுக்குக் கிழக்கே நியூவெர்கெர்க் என்ற ஊரில் ஹாலந்து ஐசல் ஆற்றங்கரையும் விட்டுக்கொடுக்கத் தொடங்கியது. கல் பதிக்காத பலவீனமான கரை. அதற்குப் பின்னால் தாழ்ந்த நிலத்தில் சுமார் 30 லட்சம் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஊர்த் தலைவர், பக்கத்தில் நின்ற சரக்குப் படகைக் கொண்டுவந்து உடைப்பில் நிறுத்தச் சொன்னார். படகுக்காரர் ஆரி ஏவக்ருன். படகின் பெயர் 'இரண்டு சகோதரர்கள்'. பாய்ந்து ஓடும் தண்ணீரோடு படகும் உள்ளே போய்விட்டால் அவர் கதை முடிந்தது. அவர் படகை ஓரமாகக் கொண்டுவந்து கரையில் முட்டவிட, நீரோட்டமே அதைத் திருப்பி, லாக்கின் கதவு மூடுவதுபோல் உடைப்பின் குறுக்கே சாய்த்துவிட்டது. ஓட்டை அடைந்தது. பிறகு மணல் மூட்டைகளால் பலப்படுத்தினார்கள். அந்தக் கரையில் இப்போது ஒரு சிற்பம் இருக்கிறது. தலைப்பு ஒரு டச்சு வழக்கு: விளிம்பில் நின்ற காசு. எந்தப் பக்கமும் விழுந்திருக்கலாம்.

வெள்ளத்துக்குப் பிறகு சிறிய நீர் வாரியங்களை இணைக்கும் வேலை வேகம் எடுத்தது. 1950 வாக்கில் சுமார் 2,600 இருந்தவை இன்று 21. தேர்தல் உண்டு, தனி வரி உண்டு. வீட்டுக்காரர் மட்டுமல்ல, வாடகைக்கு இருப்பவரும் கட்ட வேண்டும். என் மகளுக்கு அந்த நாட்டு நாடாளுமன்றத் தேர்தலில் வாக்கு இல்லை, இந்தியக் குடிமகள். ஆனால் முறையான வசிப்பு அனுமதி இருப்பதால் நீர் வாரியத் தேர்தலில் வாக்கு உண்டு. வருஷம் தவறாமல் ரசீதும் வந்துவிடுகிறது. அவள் குடியிருப்பது நான்காவது மாடியில்.